எடல்ரிட் போவா கயிறு: நம்ம கரடுகளுக்குத் தாங்குமா?

ஜெர்மனியின் இஸ்னியில் 1863இல் தொடங்கிய எடல்ரிட் என்ற மலையேற்றக் கயிறு நிறுவனம்தான், உள்ளே நார்க்கரு, வெளியே பின்னிய உறை என்ற கெர்ன்மாண்டில் கயிற்றை 1953இல் கொண்டுவந்தது. கொங்குக் கரடுகளில் ஏற அவர்களின் போவா என்ற 9.8 மி.மீ. தடிமன் கயிறு அருமையான தேர்வு. நம் பாறையின் சொரசொரப்பு உறையைத்தான் முதலில் தின்னும். மெல்லிய கயிற்றில் சீக்கிரமே பஞ்சு கிளம்பிவிடும். நீர் ஒட்டாத பூச்சுக்குக் கூடுதல் பணம் வேண்டாம், அது ஈரக்கயிறு உறைந்து விறைக்கும் பனிச்சுவர்களுக்கு.

புதுக் கயிற்றை, சுருளைச் சுழற்றியே பிரியுங்கள். வளையம் வளையமாக உருவினால் முறுக்கேறிப் படுத்தும். ஏறி முடித்ததும் முழு நீளத்தையும் விரலால் தடவுங்கள்: எங்காவது தொளதொளவென்று மடிந்தால் உள்நார் போய்விட்டது. நுனிப்பக்கமென்றால் வெட்டிவிடலாம், நடுவிலென்றால் அந்தக் கயிறே வேண்டாம். செம்மண் ஏறினால் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் நைலானைக் கெடுக்கும்.