சிஎன்சி பெயர்ப்பலகைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷினில், மரத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை செதுக்கக் கொடுப்பவர்கள் உஷாராக இருங்கள். நாங்கள் நன்றாக ஏமாந்திருக்கிறோம்.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்து கேட்டுக்கு ‘மேட்டுத்தோட்டம்’ என்று ஒரு பலகை. நாலடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை இஞ்ச் கனம், தேக்கு. வி-பிட்டில் (V வடிவ முனையுள்ள வெட்டும் ஊசியில்) குழிவாகச் செதுக்கி, குழியில் பெயின்ட் அடித்து, வெயில் மழைக்குத் தாங்க பியு (பாலியூரிதேன்) பாலிஷ். கோவையில் ஒரு கடையில் 9,500 ரூபாய்க்குப் பேசி 6,000 அட்வான்ஸ் கொடுத்தோம். எழுத்தை டிசைன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ஃபான்டாக இல்லாமல் வெறும் கோடுகளாக மாற்றி, டிஎக்ஸ்எஃப் என்ற கோட்டு வரைபட ஃபைலாகவே அனுப்பினோம். காரணம் உண்டு. வெட்டும் மெஷினான ரவுட்டருக்கு எழுத்து தெரியாது, கோடுகள் காட்டும் வழியில் பிட் போகும். கோடாக மாற்றிவிட்டால் தமிழ் எழுத்து உடைவதற்கு இடமே இல்லை.

முடிந்ததும் போட்டோ கேட்டோம். “பாலிஷ் காயட்டுங்க” என்றார்கள். மீதிப் பணம் போட்ட பிறகுதான் பார்சல் வந்தது.

பிரித்துப் பார்த்தால் ‘மே’யின் கொம்பு ம-வுக்குப் பின்னால் நிற்கிறது. ‘டு’வில் ட தனியே, உகரக் குறி தனியே. ‘தோ’வும் சிதறிக் கிடக்கிறது. எங்கள் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர்கள் சாஃப்ட்வேரிலேயே திரும்ப டைப் செய்திருக்கிறார்கள். யூனிகோட் தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத சாஃப்ட்வேர், கொம்பை முன்னால் கொண்டுவராமல் டைப் செய்த வரிசையிலேயே அடுக்கிவிடும். திரையில் பார்த்தாலே தெரிந்திருக்கும். கடைசி ‘ம்’மின் புள்ளியை வளையமாக வெட்டியதில் நடுவில் நின்ற துணுக்கு பெயர்ந்து போய்விட்டது. குழி ஓரமெல்லாம் பிசிறு வேறு, மழுங்கிய பிட்டை மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

போன் செய்தால், “கம்ப்யூட்டர்ல அப்படித்தானுங்க வரும். படிச்சாப் புரியுதுல்லீங்க?” என்று பதில். எங்கள் அப்பாரு காலத்திலிருந்து அந்த நிலத்துக்கு வழங்கும் பெயர் அது. அதைக் கோணலாக எழுதிக் கேட்டில் மாட்டச் சொல்கிறார்கள். திரும்பச் செய்ய வேண்டுமென்றால் மரத்துக்குத் தனியாகப் பணம் வேண்டுமாம்.

அந்த மரமும் தேக்கு இல்லை. ஊர் ஆசாரி பலகையின் அடிப்பக்கம் உளியால் ஒரு சீவு சீவினார், மேலே ஏற்றிய பழுப்பு ஸ்டெயின் சாயத்துக்குக் கீழே வெளிறிக் கிடந்தது. “ரப்பர் மரமுங்க இது, மழையில நிக்காது” என்றார். ரப்பர் மரம் வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குச் சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்றும் சாரலும் அடிக்கும் எங்கள் ஊரில் வெளியே மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், துளைப்பூச்சி வரும்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பலகையை ஸ்டெயின் ஏற்றாமல் பச்சையாகக் காட்டச் சொல்லுங்கள், அதில் பேனாவால் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுங்கள். பிட் ஓடும் பாதையை ஸ்கிரீன்ஷாட் வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்து, “இதையே வெட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். குழி ஆழத்தையும் கேளுங்கள். முனைக் கோணம் 90 டிகிரி உள்ள வி-பிட்டில் எழுத்துக் கோட்டின் அகலத்தில் பாதி ஆழம் இறங்கும், 60 டிகிரி என்றால் அதைவிட அதிகம். தடித்த எழுத்தை மெல்லிய பலகையில் வெட்ட ஒத்துக்கொள்கிற கடை யோசித்துப் பேசவில்லை என்று அர்த்தம். பில்லில் ‘தேக்கு’ என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தந்தது ‘போர்டு வேலை’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. ஆனால் தேக்கு என்று அவர்களே விலை சொன்ன வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.