பள்ளி கேண்டீனில் கழிவை உரமாக்கும் இயந்திரம்: கடைக்காரி தரும் மதிப்பெண்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஒன்றில் இந்திய உணவுக் கடை போட்டிருக்கிறேன். தோசை, மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ், கோழிக் குருமாவோடு சோறு. கேண்டீனுக்குப் பின்னால், எச்சில் தட்டு வைக்கிற இடத்தை ஒட்டி, உணவுக் கழிவை உரமாக்கும் இயந்திரம் ஒன்றைப் பள்ளி வைத்திருக்கிறது. “எங்க ஸ்கூலுக்கும் வருதாம், எப்படிக்கா இருக்கு?” என்று மற்றப் பள்ளிகளில் கடை வைத்திருப்பவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. பிராண்டு பெயர் வேண்டாம், விடுங்கள்.

சமையல் கழிவுக்கு இது கெட்டிக்கார இயந்திரம். வெங்காயத் தோல், முட்டைக்கோஸ் தண்டு, பக்கத்துக் கடை சீன அக்கா கிள்ளிப்போடும் கீரை வேர், பழக்கடையின் தர்பூசணித் தோல், எதைக் கொட்டினாலும் உள்ளே சூட்டில் கிளறிக் கிளறி மறுநாள் காலை காப்பித்தூள் மாதிரி ஆக்கிவிடுகிறது. முன்பெல்லாம் கறுப்புப் பை சொட்டச் சொட்ட, கிளீனர் ஆன்ட்டி இழுத்துப் போகும் வழியெல்லாம் தரை வழுக்கும், ஈ மொய்க்கும். அந்தத் தொல்லை ஒழிந்தது. பாதி மதிப்பெண் அதற்கே.

விற்க வந்தவர், பத்து கிலோ போட்டால் இரண்டு கிலோதான் மிஞ்சும் என்று பெருமையடித்தார். அதில் என்ன மாயம்? வெந்த சோற்றில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர், வெள்ளரிக்காயில் 95. மின்சாரத்தைச் செலவழித்து அந்தத் தண்ணீரை விரட்டுகிறது, அவ்வளவுதான். வெளியே வருவதை அப்படியே தொட்டியில் போட்டால் ஈரம் பட்டதும் பூஞ்சை பிடித்து நாறும். நம் சாப்பாட்டு உப்பும் எண்ணெயும் செடிக்கு வேறு ஆகாது. மண்ணோடு கலந்து சில வாரம் ஆறவிட வேண்டும். தோட்டம் பார்க்கும் ஐயாவுக்கு விஷயம் தெரியும், அதனால் பாண்டான் செடி பிழைத்தது.

பிள்ளைகளின் தட்டு மிச்சத்தில்தான் இயந்திரம் தடுமாறுகிறது. கோழி எலும்பு, டிஷ்யூ, சாத்தே இறைச்சியைக் குத்திச் சுடும் குச்சி எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஒருமுறை எவர்சில்வர் கரண்டி ஒன்று உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. பழுதுபார்க்கிறவர் ஆடி அசைந்து வந்து சேரும்வரை பழையபடி கறுப்புப் பைதான்.

இயந்திரத்தோடு ஒரு தராசும் கொடுத்தார்கள். பெரிய வகுப்பு மாணவத் தலைவர்கள் ஒவ்வோர் இடைவேளை முடிந்ததும் வாளியை நிறுத்து வெண்பலகையில் எழுதுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது: குறைவாகச் சாப்பிடும் சின்ன வகுப்புகளின் வாளிதான் அதிகம் கனக்கிறது. நின்று பார்த்தால் காரணம் தெரியும். தொடக்கநிலை ஒன்று படிக்கும் பிள்ளை வரிசையில் நின்று, பர்ஸைத் திறந்து, சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை மணி நேர இடைவேளையில் பாதி கரைந்துவிடும். கோழியைத் தின்று முடிக்கும்போது மணி அடிக்கும். தொடாத முட்டை அப்படியே வாளிக்குப் போகும்.

ஆசிரியர்களிடம் சொன்னோம். இப்போது சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் முன்னதாகவே அனுப்புகிறார்கள். நானும் முதலில் சின்னக் கரண்டியால்தான் சோறு போடுகிறேன். “பத்தலைன்னா வாய்யா, ஆன்ட்டி மறுபடி போடுறேன்” என்பேன், காசு வாங்குவதில்லை. காய்கறியைத் தட்டில் வைக்காமல் விட முடியாது, ஆரோக்கிய உணவுத் திட்டத்தின் விதி அது. ஆகவே அவித்த கோஸுக்குப் பதில் வெள்ளரிக்காயை நீளக் குச்சியாக நறுக்கி வைக்கிறேன். கேரட்டைத் துருவி மீயில் கலந்துவிடுகிறேன், பொறுக்கி எடுக்க முடியாது. பலகையில் எண் இறங்கியது.

2026 ஜனவரியிலிருந்து 13 பள்ளிகளில் மத்திய சமையற்கூட முறை வந்திருக்கிறது, அதாவது வெளியே ஒரே இடத்தில் சமைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருவது. முன்கூட்டியே ஆர்டர் எடுப்பதால் எவ்வளவு சமைப்பது என்று சமைக்கிறவருக்குத் தெரிந்துவிடும். சமையலறை மிச்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அரைக் கரண்டி போதும் என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள அங்கே யார் இருப்பார்? என் பிழைப்பு சம்பந்தப்பட்ட பேச்சு இது, கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 755,000 டன். மறுபயனீடு செய்யப்பட்டது 18 சதவீதம்தான். மிச்சத்தை எரித்துச் சாம்பலைச் செமக்காவ் தீவில் கொட்டுகிறோம். அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். ஆகவே பள்ளி இயந்திரம் வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பழுது பார்ப்பதற்கான ஒப்பந்தத்தை மட்டும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள், எலும்பு பிரிக்க வலைத்தட்டு வைத்த மேசை ஒன்றும் கேளுங்கள். இயந்திரத்துக்கு ஐந்துக்கு மூன்று. தராசுக்கு ஐந்துக்கு ஐந்து. அது மட்டும் போதுமென்றால் முஸ்தபா கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.