எல்லாம் நல்ல வண்டிதான், ஹேண்ட் பிரேக் கேபிளைத் தவிர

இந்தப் பிக்கப்பின் எஞ்சின், இழுவை, மைலேஜ் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. வேலூர் சுற்றுவட்டாரத்தில் இந்த ரக வண்டி ஓடாத ரோடு கிடையாது. தெரிந்ததையே திரும்பச் சொல்லி என்ன ஆகப் போகிறது? 2011 மாடல், டீசல், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பின் சக்கரம் இரண்டிலும் டிரம் பிரேக். இலவம்பாடி கத்திரிக்காய் மூட்டையிலிருந்து கறவை மாடு வரை எல்லாம் ஏற்றியாயிற்று. எஞ்சினைப் பிரித்ததில்லை. கிளட்ச் பிளேட், பேட்டரி, டயர் என்று போனதெல்லாம் போக வேண்டிய காலத்தில் போனவை. அவற்றைக் குறை என்று எழுதினால் நியாயமில்லை.

குறை ஒன்றுதான், ஹேண்ட் பிரேக் கேபிள். போன மாதம் அது அறுந்தது, மறுபடி மாற்றினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அறுந்தது பொய்கை மாட்டுச் சந்தையில், செவ்வாய்க்கிழமை, மாடு ஏற்றும்போது. மாடு ஏற்றுவதற்கு வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஒரு மண் மேட்டோடு ஒட்ட நிறுத்துவோம். பின் கதவை இறக்கிவிட்டு மேட்டிலிருந்து மாட்டை நேராக உள்ளே நடத்த வேண்டும். அது முன்னங்காலை வைத்ததும் வண்டி ஒரு உதறு உதறும். ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தால் பட்டை அமுங்கும், சக்கரம் அசையாது. பிடிக்கவில்லை என்றால் வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்துவிடும். அந்த ஒரு சாண் சந்தில் மாட்டின் பின்னங்கால் போனால் என்ன ஆகும் என்று மாடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று கால் போகவில்லை. வியாபாரி கயிற்றை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிட்டார். அப்புறம் அவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லீவரைத் தூக்கிப் பார்த்தேன். டிக் டிக் என்ற சத்தத்தோடு கை மேலே போய்க்கொண்டே இருந்தது, இழுப்பு என்று ஒன்றும் இல்லை.

கோபத்தில் பாதி வண்டி மேல் என்றால் மீதி நம் பக்கத்து வழக்கத்தின் மேல். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, எங்கே வேண்டுமானாலும் ஒரு பழைய பிக்கப்பின் கதவைத் திறந்து பாருங்கள். சீட்டுக்குக் கீழே ஒரு கருங்கல்லோ சவுக்குக் கட்டையோ கிடக்கும். ஹேண்ட் பிரேக் வேலை செய்யாததை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. முதலில் போய்க் கேட்ட மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார்: "ஹேண்ட் பிரேக் இன்னாத்துக்குணா? பர்ஸ்ட் கியர்ல போட்டு ஒரு கல்ல வெச்சிக்கினு போணா."

கியரில் போட்டால் வண்டி நிற்பது எஞ்சின் சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அழுத்தத்தால். பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் அந்தக் காற்று மெல்லக் கசியும். லோடோடு சரிவில் நிறுத்தினால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஊரும். ஏறி உட்கார்ந்த யாராவது கை பட்டு நியூட்ரலுக்குத் தட்டிவிட்டால் தீர்ந்தது. கல் வைக்கலாம் என்றால் அதற்கு ஒரு ஆள் வேண்டும். நான் பெரும்பாலும் தனியாகப் போகிறவன். நான் இறங்கிப் போய்க் கல் வைக்கும்வரை பிரேக்கை யார் மிதிப்பது?

நிறுத்துவதற்கு மட்டுமா ஹேண்ட் பிரேக்? காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசலில் மாட்டியிருக்கிறீர்களா? முன்னால் டவுன் பஸ், பின்னால் முட்டுகிற மாதிரி ஒரு ஆட்டோ, நமக்கு லோடு. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று மூன்று மிதி, கால் இரண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் விடுவித்தால் வண்டி பின்னால் ஒரு அங்குலம் போகாது. கேபிள் அறுந்திருந்த நாட்களில் அந்தப் பாலத்தைத் தவிர்க்கவே காட்பாடிப் பக்கம் சவாரி எடுக்கவில்லை.

சரி, ஏன் அறுகிறது? ஏற்பாடு எளிமையானதுதான். லீவரிலிருந்து ஒரு கேபிள் வண்டிக்கு அடியில் நடுப்பகுதிக்கு வருகிறது. அங்கே ஈக்வலைசர் என்ற சின்ன இரும்புத் துண்டு அந்த இழுப்பைப் பாதிப் பாதியாக இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்புகிறது. டிரம்முக்குள் கேபிளின் நுனி ஒரு குட்டி லீவரை இழுக்கும். அது லைனர் ஒட்டிய பிரேக் ஷூ இரண்டையும் அகட்டி டிரம்மோடு அழுத்தும். சைக்கிள் பிரேக் ஒயர் போலத்தான், உறைக்குள் ஓடும் கம்பி. பிரேக் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆயில் முழுக்கக் கசிந்து மிதி பிரேக் போனாலும் இது தனியாகப் பிடிக்கும். இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இடது பக்கக் கேபிளுக்கு வழி வகுத்தவர் மழைக்காலத்தில் மண் ரோட்டில் வண்டி ஓட்டியவராக இருக்க முடியாது. சேஸிஸிலிருந்து இறங்கி, டயர் சேற்றை வாரி அடிக்கும் இடத்துக்கு நேராக வளைந்து, அங்கிருந்து அச்சுப் பக்கம் ஏறி டிரம்முக்குப் போகிறது. வளைவின் அடிதான் இருப்பதிலேயே தாழ்வான இடம். உறையின் மேல் பிளாஸ்டிக் ஒரு இடத்தில் உரிந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி அந்தத் தாழ்விலேயே தங்கிவிடும். வலது பக்கக் கேபிள் நேராகப் போகிறது. அதற்கு இந்த வியாதி வரவே இல்லை. ஒரே வண்டியில் ஒரு பக்கம் சரியாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு மறுபக்கம் என்ன வந்தது?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீரிலும் சேற்றிலும்தான் ஓட்டினேன். அடுத்த கோடையில் கேபிள் இறுக ஆரம்பித்தது. துரு ஊதி, கம்பி உறைக்குள் நகர மறுத்தது. இழுத்தால் பிடிக்கும், விட்டால் முழுசாக விடாது. அமிர்தி ரோட்டில் போகும்போது இடது பின் சக்கரத்திலிருந்து லைனர் கருகும் வாடை வந்தது, டிரம்முக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. வண்டி இழுக்கச் சோம்பியது, டீசல் கூடுதலாகக் குடித்தது. அந்தக் கேபிளைக் கழற்றிப் போட்டது அப்போதுதான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த அந்தக் கேபிள் பத்து வருஷத்துக்கு மேல் தாங்கியது. இப்போது அறுந்தது அதற்குப் பதிலாகப் போட்ட லோக்கல் சாமான். அன்றைக்குக் கடையில் இருந்தது அது மட்டும்தான். அறுந்ததும் அதே வளைவில்தான். இழை இழையாக விட்டுக்கொண்டே வந்து கடைசி இழையும் பொய்கையில் போயிருக்கிறது. ஆக, குற்றம் சாமானுக்குப் பாதி, வளைவுக்குப் பாதி. வளைவு இல்லாவிட்டால் லோக்கல் சாமானும் ஓடியிருக்கும் என்பது என் கட்சி.

இந்த முறை கம்பெனி சாமானே வாங்கினேன். லோக்கலைவிட இரண்டு மடங்கு விலை. லோடு வண்டிக்காரனுக்கு உறுத்தும் விலைதான். ஆனால் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நுனியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் உறை கெட்டியாக இருக்கிறது, கம்பி உள்ளே வழுக்கி ஓடுகிறது. கடைக்குப் போகும்போது பழைய கேபிளைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். இடது வலது நீளம் பல வண்டிகளில் வேறு வேறு. ஒரு அங்குலம் நீளமானதைக் கொடுத்துவிட்டால் ஈக்வலைசர் நட்டில் மரை தீரும்வரை முறுக்கினாலும் இழுப்பு வராது.

வேலையை ஷெட்டில் பக்கத்திலேயே இருந்து செய்ய வைத்தேன். வேறு மெக்கானிக், பொறுமைசாலி. முன் சக்கரத்துக்குக் கட்டை, பின்னால் ஜாக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்ட். ஈக்வலைசர் நட் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரே அடித்து ஊறவிட்டு டீ குடித்துவிட்டு வந்து திருப்பினோம். டிரம் வரவில்லை. சுத்தியல் எடுக்கப் போனேன், அவர் விடவில்லை. டிரம்மின் முகத்திலேயே இரண்டு மரை ஓட்டை இருக்கிறது; அதில் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்க, டிரம் தானாகக் கழன்று வந்தது. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடித்தும் அடிக்காதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தார்.

கேபிளின் உறை டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் விரல் விரலாக விரியும் ஒரு கிளிப்பால் மாட்டியிருக்கும். எல்லா விரலையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வெளியே வரும். கட்டிங் பிளேயரால் ஒன்றை அமுக்கினால் இன்னொன்று விரிந்துகொள்ளும். இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து கிளிப்பையே உடைக்கிறார்கள். நம் ஆள் சரியான அளவில் ஒரு ரிங் ஸ்பேனரை எடுத்து விரல்களின் மேல் தள்ளினார். எல்லாம் ஒன்றாக மடங்க, உறை பொத்தென்று வெளியே வந்தது. ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கினாலும் இதே வேலை நடக்குமாம். இத்தனை வருஷத்தில் இந்த வண்டியின் அடியில் நான் பார்த்ததிலேயே மனசுக்குப் பிடித்த காட்சி அது.

வளைவை முழுசாக மாற்ற முடியாது. தாங்கும் கிளிப்பை மட்டும் சற்று மேலே ஏற்றி, வளைவு டயரின் சேற்றிலிருந்து ஒதுங்கும்படி மாட்டினோம். ரொம்ப இழுத்துக் கட்டவும் கூடாது. லோடு ஏறி இறங்கும்போது அச்சு மேலும் கீழும் ஆடும். கேபிளில் தளர்வு இல்லையென்றால் ஓடும்போதே பிரேக்கை இழுக்கும், இல்லாவிட்டால் அறுந்து போகும். சைலன்சர் பக்கமும் போகக் கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும்.

அப்புறம் எதை முதலில் முறுக்குவது என்ற வரிசை. பல ஷெட்டுகளில் தவறுவது இதில்தான். லீவர் உயரமாக வந்தால் உடனே கேபிள் நட்டை முறுக்குவார்கள். அது கூடாது. லைனர் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தால் கேபிளை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. ஷூவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பின் தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பல்சக்கரத்தைத் தட்டித் தட்டித் திருப்பி, சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் கேபிள் நட். முடித்ததும் லீவரை நன்றாக இழுத்து இழுத்து விட்டுப் புதுக் கேபிளைப் பழக்கினார். கடைசியாக லீவரை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், தடையில்லாமல் சுற்ற வேண்டும். புதுக் கேபிள் கொஞ்சம் நீளும், ஒரு மாதம் கழித்து மறுபடி வா என்றார்.

இப்போது லீவர் ஆறு டிக்கில் கல்லாக நிற்கிறது. லோடோடு பாலத்தில் நிறுத்தி, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது இந்த வருஷம் நெஞ்சு படபடக்காது. இன்னொன்று, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் லீவரை இழுத்துப் பழகுங்கள். தொடாமலே விட்ட கேபிள்தான் சீக்கிரம் உள்ளே இறுகிக்கொள்கிறது. கியரும் கல்லும் போதும் என்று ஓட்டுகிறவர்களுக்குக் கேபிள் போவது அதனாலும்தான்.

குடியாத்தத்தில் இருக்கும் சித்தப்பா பையன் இதே மாடல் 2012 வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டான். பொய்கையில் வாங்கிய பேச்சு காதில் இருந்ததால் வேண்டாம் என்றேன். ஒரு கேபிளை எங்கே ஓட்டுவது என்று தெரியாதவன் செய்த வண்டி, கிட்டவே போகாதே என்றேன். அவன் விடவில்லை, அப்படியும் வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். சொன்னேன்: சரிவில் நிறுத்தச் சொல்லு, நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நிற்கிறதா பாரு. இடது பின் சக்கரத்துக்கு அடியில் குனிந்து கேபிள் உறை உரிந்திருக்கிறதா பாரு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு டிரம் பக்கத்திலும் கையைக் காட்டு, ஒன்று மட்டும் சுட்டால் கேபிள் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் காட்டி மூவாயிரம் குறைக்கச் சொல்லு. குறைக்க மாட்டேன் என்றால் அதற்காக விட்டுவிட்டு வந்துவிடாதே. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு புது வண்டியில் இந்த எஞ்சின் கிடையாது, கேட்ட விலையைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வா.