சூம் எஃப்3: பத்துமலைக்குத் தனியாகப் போகும் இயக்குநருக்கு

தயாரிப்பாளர், இயக்குநர், ஒலிப்பதிவாளர் மூவரும் ஒரே ஆள் என்பதுதான் நம்மூர் ஆவணப்படங்களின் நிலைமை. அந்த ஒற்றை ஆளுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது சூம் எஃப்3 ஒலிப்பதிவுக் கருவி. உள்ளங்கையில் அடங்கும். மைக் கேபிள் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகள். பதிவு 32-பிட் ஃப்ளோட்டில் மட்டும்; மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் தாங்கும் வடிவம் அது. ஒலி அளவைத் திருகி வைக்கும் குமிழே கிடையாது.

இதன் அருமை பத்துமலைத் தைப்பூசத்தில் தெரியும். முருகன் கோயிலின் 272 படிகளின் அடியில் ஓர் அம்மா தன் நேர்த்திக்கடனைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த நொடி பின்னால் உறுமி மேளம் வெடிக்கும். 24-பிட் கருவியில் அம்மாவுக்கு அளவு வைத்தால் உறுமி உடையும், உறுமிக்கு வைத்தால் அம்மா இரைச்சலில் மூழ்கிவிடுவார். எஃப்3-இல் இரண்டையும் எடிட்டிங் மேசையில் மீட்கலாம்.

அதற்காக ஹெட்ஃபோனைக் கழற்றிவிடாதீர்கள். உறுமிக்கு ஓரடி தூரத்தில் மைக்கே திணறினால் எந்த பிட்டும் காப்பாற்றாது. காற்று, கேபிள் உரசலும் அப்படியே. மைக்குக்குப் பஞ்சு உறை போதாது. ரோம உறை வேண்டும். திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்புவது இன்னொரு ஏமாற்றம். 

எடிட்டிங்கில் வழக்கமாக நடக்கும் தவறு: கோப்பை அப்படியே 24-பிட்டுக்கு மாற்றுவது. முதலில் கிளிப்பின் அளவைக் குறைத்து உச்சங்களை 0 டெசிபல் கோட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள், பிறகு மாற்றுங்கள். இல்லையென்றால் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

48 கிலோஹெர்ட்ஸில் இரு தடமும் மணிக்கு 1.4 ஜிபி, 32 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டையே இருபது மணி நேரத்தைத் தாண்டும். பேட்டரிதான் தலைவலி. இரண்டு ஏஏ மட்டுமே, மைக்குக்குக் கருவியே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் போட்டால் சீக்கிரம் தீரும். இரவு முழுக்க ரதத்தோடு நடப்பதென்றால் யூஎஸ்பி-சி வழியாகப் பவர்பேங்க் கட்டாயம். மெனுவில் பேட்டரி வகையைச் சரியாகக் குறிக்காவிட்டால் மீதி அளவு பொய் சொல்லும்.

வீட்டுப் பேட்டிக்கு மைக்கை இரண்டடிக்குள் தொங்கவிட்டு, விசிறியையும் ஃபிரிஜையும் அணையுங்கள். (கார் சாவியை ஃபிரிஜுக்குள் வைத்தால், கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது.) படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் டைம்கோடு, தனிக் கருவி வாங்கினால்தான் கிடைக்கும். அது இல்லையென்றால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு கைதட்டல் போதும். மூன்று பேர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு ஆளுக்கொரு மைக் வேண்டுமென்றால் வேறு கருவி பாருங்கள், இதில் தடம் இரண்டே.