கடைசித் தாள்கள் உதிர்ந்த பிரதியே நல்ல பிரதி

பழைய புத்தகக் கடை ஒன்றில் பெட்டி நிறைய மில்ஸ் அண்ட் பூன் என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தின் ஆங்கிலக் காதல் நாவல்கள் கிடக்கின்றன, பெரும்பாலும் எழுபதுகளில் வந்தவை, மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா என்று தோழி கேட்டிருந்தாள். நான் இவற்றைப் பல வருடங்களாகப் படித்தும் திட்டியும் பைண்டிங் போட்டும் வைத்திருப்பவள். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருபதைத் தொட்டும் தொடாத பெண், முப்பத்தைந்து வயது ஆண். அவனுக்குக் கப்பல்களோ தோட்டங்களோ ஆஸ்திரேலியாவில் கண்ணுக்கெட்டாத பண்ணையோ இருக்கும். 190 பக்கத்துக்குள் கல்யாணம் நிச்சயமாகிவிடும். இதைக் குறை சொல்வது இட்லி வெள்ளையாக இருக்கிறதே என்று குறைப்படுவது போலத்தான்.

என் எரிச்சலெல்லாம் கடைசி நான்கு பக்கங்களின் மேல். அதுவரை அவளைக் குத்திக் காட்டியவன், மணிக்கட்டைப் பிடித்து இழுத்தவன், தண்டனை கொடுப்பது போல் முத்தமிட்டவன், யாரோ சொன்ன பொய்யை நம்பிப் பணத்தாசை பிடித்தவள் என்று ஏசியவன், அங்கே வந்து நிற்கிறான். பார்த்த முதல் நாளே உன்னிடம் மனதைக் கொடுத்துவிட்டேன், பொறாமையில்தான் அப்படி நடந்துகொண்டேன் என்கிறான். அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். பதினேழு வயதில் அந்தப் பக்கங்களுக்காகவே லெண்டிங் லைப்ரரி வரிசையில் நின்றிருக்கிறேன். இப்போது படித்தால், மனைவியை அடித்துவிட்டுப் பஞ்சாயத்தில் வந்து உட்காரும் கணவன் சொல்கிற காரணம் அப்படியே காதில் விழுகிறது.

அந்தக் காலத்து நாவல்களில் கதை பெரும்பாலும் நாயகியின் கண் வழியாகவே போகும். அவன் மனதுக்குள் நமக்கு அனுமதி கிடையாது. புருவம் உயர்ந்ததா, தாடை இறுகியதா என்று பார்த்துப் பார்த்தே அவன் கோபத்தை அளக்கிறாள், நாமும் கூடவே அளக்கிறோம். முன்கோபக்காரர்கள் இருக்கும் வீட்டில் வளர்ந்த பெண்களுக்கு இந்தப் பழக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் அவன் வாயைத் திறந்ததும் அத்தனை முரட்டுத்தனமும் காதலின் அடையாளமாகிவிடுகிறது. கைதேர்ந்த வேலை என்பதால்தான் கோபம் கூடுகிறது.

ஒப்பந்தக் கல்யாணக் கதைகள் இன்னும் மோசம். மறுக்கும் மனைவியைக் கணவன் வற்புறுத்துவது அவற்றில் சில இடங்களில் காதல் காட்சியாகவே வரும். இங்கிலாந்தில் மனைவியே ஆனாலும் அது வன்புணர்ச்சிதான் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது 1991இல். அந்தக் காலம் அப்படி என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் 2024இல் நடைமுறைக்கு வந்த நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும், கணவன் செய்தால் அது வன்புணர்ச்சி ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அலமாரியில் அவை இருப்பதற்குக் காரணம் முதல் மூன்று அத்தியாயங்கள். காதல் தொடங்கும் முன் அவளுக்கு ஒரு வேலை இருக்கும், வாடகை அறை இருக்கும். கணப்பு எரிய வேண்டுமானால் எரிவாயு மீட்டரில் காசு போட வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அணிய ஒரே ஒரு நல்ல உடை, அதில் ஒரு தையல் விட்டிருக்கும். மாதக் கடைசியில் டப்பா சூப். பிரிட்டனில் 1975இல் பாலினப் பாகுபாட்டுச் சட்டம் வருவதற்கு முன், சம்பாதிக்கும் பெண்ணிடமும் கடனுக்கு ஆண் உத்தரவாதம் கேட்டு வங்கிகள் திருப்பி அனுப்பியதுண்டு. 1970இல் நிறைவேறிய சம ஊதியச் சட்டமும் அதே 1975இன் கடைசியில்தான் அமலுக்கு வந்தது. பணக்கார நாயகன் ஏன் வேண்டியிருந்தான் என்பது அந்த அறையைப் பார்த்தாலே புரிந்துவிடும். அந்தப் பயத்தை இந்த எழுத்தாளர்கள் பொய் கலக்காமல் எழுதினார்கள். பிறகு பத்தாம் அத்தியாயத்தில் அவளை ராஜினாமாக் கடிதம் எழுத வைத்துவிடுகிறார்கள், அதையும் மன்னிக்க முடியவில்லை.

புத்தகத்தின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1908இல் பொதுவான பதிப்பகமாகத் தொடங்கி, 1930களில் வாடகை நூலகங்களை நம்பிக் காதல் கதைக்கு மாறிய நிறுவனம் இது. அன்று நூலகங்களுக்குப் போனவை கெட்டி அட்டைப் புத்தகங்கள். பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் படித்துவிட்டுத் தூக்கிப்போடுவதற்கானவை. 2003இல் இங்கிலாந்தில் எம்6 சுங்கச் சாலை போட்டபோது இந்த நாவல்களில் சுமார் 25 லட்சம் பிரதிகளைக் கூழாக்கித் தாரோடு சேர்த்தார்கள் என்றால் பாருங்கள். முதுகில் தடவிய பசை நம் ஊர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். என் பிரதிகளில் முதலில் உதிர்வது கடைசித் தாள்கள்தான்.

அப்படி உதிர்ந்த மருத்துவமனைக் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. நாயகி வேறு ஊரில் செவிலியர் வேலை தேடிக்கொண்டு, பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்பதோடு அது முடிகிறது. அவன் வந்தானா, என்ன சொன்னான், ஒன்றும் கிடையாது. இருப்பதிலேயே சிறந்த நாவல் அதுதான். வேறு பிரதியிலிருந்து நகலெடுத்துச் சேர்த்துத் தைக்கட்டுமா என்று பைண்டிங்காரர் அக்கறையாகக் கேட்டார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இன்று, வாங்கு. கிரேக்கக் கப்பல் முதலாளிகளைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, செவிலியர்களையும் தட்டச்சுப் பெண்களையும் பொறுக்கி எடு. ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார். பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேள்.