டீச்சிங் பிராக்டிஸ்: தனியா போறதா, ஜோடியா போறதா?

டீச்சர் ட்ரெய்னிங்ல பாடம் எடுத்துப் பழக ஒரு ஸ்கூலுக்கு தனி ஆளா போறது, இன்னொரு ட்ரெய்னியோட சேர்ந்து போறது, ரெண்டுல மனசுக்கு எது நல்லதுன்னா என் ஓட்டு ஜோடிக்குத்தான். பாடம் சொதப்பிட்டு ஸ்டாஃப் ரூம்ல வந்து உக்காரும்போது "கடைசி பெஞ்ச் சத்தத்துக்கு நீ என்ன பண்ணுவ, ஆனா போர்டைப் பாத்தே பேசிட்டு இருந்த"னு சொல்ல ஒரு ஆள் இருக்குறது பெரிய விஷயம், நம்மளை வழிநடத்துற அந்த ஸ்கூல் மென்டர் டீச்சர்கிட்ட இதெல்லாம் மனசு விட்டு பேச வராது, ஏன்னா மார்க் போடுறதுல அவங்களுக்கும் பங்கு இருக்கலாம். லெசன் பிளான், சார்ட் வேலையும் பிரிச்சுக்கலாம், ராத்திரி தூக்கமாவது மிஞ்சும்.

தனியா போனா கிளாஸ் முழுசா நம்ம கையில, பசங்களும் சீக்கிரம் ஒட்டிக்குவாங்க. ஜோடில ஒருத்தர் கலக்கிட்டா இன்னொருத்தருக்கு உறுத்தும் (அத வெளிய சொல்லவும் முடியாது). முதல் ரவுண்டு ஜோடி, கடைசி ரவுண்டு தனின்னு வெச்சா ஓகே.