பி.எட்.டா, குரூப் 4-ஆ?

சுத்தமல்லியில் எங்கள் தெருவில் ஒரு பெண் டிகிரி முடித்தால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "பி.எட். எங்க சேர்க்கப் போறீய?" 2019-இல் நான் பி.எஸ்சி. கணிதம் முடித்தபோதும் அதையேதான் கேட்டார்கள். ஆச்சி தினமும் சொல்வாள், "ஒரு பி.எட். முடிச்சு வச்சுக்கோட்டி, அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்." கல்லூரியில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி பி.எட். சேர்ந்தாள். நான் சேராமல் குரூப் 4-க்கு, அதாவது இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) போன்ற வேலைகளுக்கு டிஎன்பிஎஸ்சி வைக்கும் தேர்வுக்குப் படித்தேன். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பி.எட்.தான் ஜெயிக்கிறது. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. இளநிலை உதவியாளருக்கும் விஏஓவுக்கும் 19,500. கிட்டத்தட்ட பாதிதான். கோடை லீவும் எங்களுக்குக் கிடையாது. கல்யாணப் பேச்சிலும் டீச்சருக்குத்தான் மவுசு. கிளார்க் என்றால் "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்கிறார்கள், ரெவின்யூ என்றால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அப்படியிருந்தும் குரூப் 4 பக்கம் நிற்கிறேன் என்றால் ஒரே காரணம்தான். தேர்வு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை தவறினால் என்ன ஆகிறது என்பதுதான் அது. சேரும்போது இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. அதை முடித்தவர் அரசுப் பள்ளிக்குப் போக முதலில் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தமிழ்நாட்டில் டெட் 2012-இலும் 2013-இலும் நடந்தது, அப்புறம் நாலு வருஷம் கழித்து 2017-இல், பிறகு 2019-இல். 2022-இல் அறிவித்த தேர்வின் தாள் 2, எங்களைப் போன்ற பட்டதாரிகள் எழுதுவது, 2023 பிப்ரவரியில்தான் நடந்தது. அடுத்தது 2025 நவம்பர். சரி, தேறியாயிற்று, வேலை வந்துவிடுமா? வராது. 2018-இல் வந்த அரசாணைப்படி டெட் வெறும் தகுதி. வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வைக்கும் போட்டித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். என் தோழி 2021-இல் பி.எட். முடித்து, 2023-இல் முதல் தடவையிலேயே டெட் தேறி, 2024 பிப்ரவரியில் அந்தப் போட்டித் தேர்வை எழுதினாள். கிடைக்கவில்லை. டிகிரி முடித்த ஐந்தாவது வருஷத்தில் அவள் எழுதிய முதல் வேலைத் தேர்வு அது.

இனி என் கதை. குரூப் 4 தேர்வு 2018 பிப்ரவரி, 2019 செப்டம்பர், 2022 ஜூலை, 2024 ஜூன், 2025 ஜூலை என்று நடந்திருக்கிறது. நடுவில் கொரோனா தின்ற வருஷங்களை நானும் வீட்டில்தான் கழித்தேன். 2019-இல் டிகிரி கையில் வந்த சூட்டோடு எழுதிப் படுதோல்வி. 2022-இல் எழுதியதற்கு 2023 மார்ச்சில் முடிவு வந்தது. கலந்தாய்வுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய்வந்து, வேலையில் சேரும்போது வருஷக் கடைசி. ஆக நானும் நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவள்தான், பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் இங்கே ஒரே தேர்வு, நேர்காணல் கிடையாது. 2022-இல் கோட்டை விட்டிருந்தால் 2024 இருந்தது, அதுவும் போனால் 2025 இருந்தது. படித்த பாடமும் வீணாகாது. 200 கேள்வியில் 100 தமிழ், அதுவும் பள்ளிக்கூடத் தமிழ். கணிதம் படித்தவர்களுக்குத் திறனறிவில் 25 கேள்வி கிட்டத்தட்ட இலவசம்.

காத்திருக்கும் காலத்தில் கையில் என்ன நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். பி.எட். கட்டணம் என்று கேட்டிருந்தால் அந்தத் தட்டிலிருந்துதான் வந்திருக்கும். எனக்கு ஆனது பழைய சமச்சீர் புத்தகங்களும் பாளை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்வருகிற செலவும்தான். 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும் அந்தச் செலவும் பாதியாயிற்று. தோழி பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். பன்னிரண்டாயிரம் சம்பளம். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை தேவைப்படும்போதும் கெஞ்சித்தான் வாங்கினாள். எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்தது அவள் ஒருத்தியின் அனுபவம்.

அதே போல, வகுப்பறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு அருகதை இல்லை. பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடத்திவிட்டு வருகிற நாளில் அவள் முகமே வேறு மாதிரி இருக்கும். தன்பதிவேட்டை, அதாவது என்னிடம் வரும் கோப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, முடித்துவிட்டு பஸ் ஏறுகிற என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாடம் நடத்துவதுதான் உயிர் என்கிறவர்கள் என் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு பி.எட். சேரலாம். வெளிமாநிலம் போகத் தயார் என்றால் மத்திய அரசின் சிடெட் தேர்வு, கேந்திரிய வித்யாலயா என்று இன்னொரு வழியும் உண்டு. ஆச்சி சொன்ன மாதிரி "கெடக்கட்டும்" என்று சேர்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

குரூப் 4 என்று முடிவு செய்தவர்கள் ஒரு காரியத்தை இப்போதே முடித்துவிடுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான பிஎஸ்டிஎம் சான்றிதழைப் படித்த பள்ளிகளில் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் அலைய வேண்டிவரும். தேர்வு முடிவு வந்த பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் தோழி வீட்டுக்கு வந்தாள். அடுத்த குரூப் 4 எழுதப் போகிறாளாம். என் சமச்சீர் புத்தகங்களை ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போனாள். ஏழாம் வகுப்புத் தமிழ் மட்டும் அகப்படவில்லை. பரண் மேல் இன்னும் ஒரு பெட்டி பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்க வேண்டும்.